முடிந்து வைத்த புல்

பிழையாகத்தான் சொல்லப் போகிறேன், அது எனக்கு இப்போதே தெரிகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாக இருப்பார்கள், எனக்கு ஒரு கதிரை போட்டிருக்கும், வகுப்பு ரீச்சர் மிஸ் ஹென்லி சிரித்தபடி பக்கத்தில் நிற்பாள், நான் வாயைத் திறந்து அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் எப்படி அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும், அதையும் இங்கிலிஷில் சொல்ல வேண்டும், ஒழுங்காகத் தொடக்கத்தில் தொடங்கிச் சொல்ல வேண்டும். நான் எதையும் தொடக்கத்தில் தொடங்குகிற ஆள் இல்லை. காலமை தேத்தண்ணி குடிக்கும்போதும் என் மனுசன், இவர், அதைத்தான் சொன்னார், உம்மட்டை, சம்பலுக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டால் நீர் தேங்காய் வாங்கின கடையிலை இருந்தெல்லோ துவங்குவீர் என்று. நான் சட்டைக்கு அயர்ன் பிடித்துக்கொண்டு, பகிடி விடாதேங்கோ என்றேன். பிள்ளையளுக்குக் கதை சொல்லத்தானே கூப்பிட்டவை, கோட்டுக்கே சாட்சி சொல்லப் போறீர் என்று கேட்டார். மகள் படிச்சவள், அவளைக் கூப்பிட்டிருக்கலாம், எட்டாம் வகுப்போடை நிண்ட என்னை என்னத்துக்குக் கூப்பிட்டவை என்றேன். அதுக்கு அவர் பாணில் பட்டர் பூசிக்கொண்டு, மகள் எங்கை அடி வாங்கினவள், அந்தப் பட்டம் இந்த வீட்டிலை உமக்கும் எனக்கும்தானே கிடைச்சது என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் என் பயமும். இந்தக் கதையை எங்கள் ஆட்கள் எங்கே எடுத்தாலும் சிரித்துத்தான் சொல்லுகிறோம், கலியாண வீட்டிலும் சரி, செத்த வீட்டிலும் சரி, எந்த மாஸ்டர் எந்தத் தடியால் எங்கே அடித்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அந்தச் சிரிப்பு இங்கே அந்தப் பாயில் வந்துவிட்டால் இந்தப் பிள்ளைகள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள். சிரிக்காமல் சொன்னாலோ அழுகை வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் இருக்க வேண்டும், மிஸ் ஹென்லியிடம் அந்த முகம் இருக்கிறது, எனக்கு அதை எங்கே வாங்குவது என்று தெரியாது.

கை, கை என்று இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மண்டப வாசலில் நிற்கிறேன், இதுதான் என் வேலை, சாப்பிடப் போகிற பிள்ளைகளின் உள்ளங்கையில் கிருமி கொல்லுகிற அந்தக் குளிர்ந்த தண்ணியைப் பீச்சுவது, பிறகு மைதானத்தில் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு நின்று பார்ப்பது, விழுந்தால் தூக்குவது, ஊதலை ஊதுவது. நல்ல வேலை. மண்டபத்தில் இருந்து பொரித்த மீன் மணக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் எப்போதும் மீன்தான், எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் மரக்கறி, அந்த மணத்திலேயே நான் பாதி வயிறு நிரம்பிவிடுவேன். பிள்ளைகள் வரிசையாக வந்து கையை நீட்டுகிறார்கள். சின்னக் கை, மைபட்ட கை, களிமண் ஒட்டின கை, பல்லால் கடித்த நகங்கள். ஒருவரும் பயந்து நீட்டுவதில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய அதிசயம், கையை நீட்டு என்று ஒரு பெரிய ஆள் சொல்ல, பிள்ளை பக்கத்துப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே எங்கேயோ பார்த்தபடி கையை நீட்டுகிறது, தெருக்குழாயில் தண்ணி பிடிக்கிற மாதிரி. கை நீட்டு என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான், அடி. ஊரில் எங்களுக்குப் படிப்பித்த குணநாயகம் மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பாமலே சொல்லுவார், நீட்டு. வலது கையை நீட்டி, அது நடுங்கித் தாழாமல் இருக்க இடது கையால் முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை மூட வேண்டும். யாரும் படிப்பித்துத் தரவில்லை, முன்னால் நின்ற பிள்ளையைப் பார்த்துப் பின்னால் நின்ற பிள்ளை பழகியது. மாசி மாதத்தில் ஒரு நாள் இந்த வாசலில் புதுப்பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள், கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து தாயோடு வந்து இறங்கிக் கொஞ்ச நாள்தான், பெயர் ஆருஜா, நான் பழக்கதோஷத்தில் கை என்றேன், அவள் வலது கையை நீட்டினாள், இடது கை தானாகப் போய் முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்தது, முகம் திரும்பியது, கண் மூடியது. என் கையில் போத்தல் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் தள்ளுகிறார்கள். அவளுடைய உள்ளங்கையில் குளிர்ந்தது ஒரு சொட்டு விழுந்ததும் அவள் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்த பார்வை, அதை நான் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை, மிஸ் ஹென்லிக்கும் சொல்லவில்லை, அவளுக்கு நான் சொன்னது நடந்ததை மட்டும்தான். சொல்லத்தான் வேண்டும், ஒவ்வொரு புரட்டாதியும் எங்களை எல்லாம் இருத்தி வைத்து அதைப் படிப்பிக்கிறார்கள், பிள்ளை ஒன்றில் எதையாவது கண்டால் பொறுப்பான ஆளிடம் சொல்ல வேண்டும், மனதுக்குள் வைத்திருக்கக் கூடாது. நான் சொன்னேன், அவர்களும் நல்ல மாதிரித்தான் விசாரித்தார்கள், வீட்டில் ஒருவரும் அடிப்பதில்லை, அங்கே பள்ளிக்கூடத்தில்தான் என்று தெரிந்தது. பிறகு ஆருஜாவை ஒரு தனி அறையில் ஒரு கரடிப் பொம்மையோடு இருத்தி, கரடிக்கு என்ன பயம், கரடியிடம் சொல்லு என்றார்கள். அவளுக்கு அப்போது இங்கிலிஷும் வராது, கரடியும் பிடிக்காது. திரும்பி வகுப்புக்கு வந்தபோது எல்லாரும் அவளுக்குத் தங்கள் பென்சில்களைக் கொடுத்தார்களாம். அந்தப் பென்சில்கள்தான் அவளுக்குப் பெரிய அவமானம்.

இன்றைக்குக் காலமை வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள், மற்றப் பிள்ளைகளுக்கு நான் மிஸ் தவா, அவளுக்கு மட்டும் அன்ரி. அன்ரி, இண்டைக்கு நீங்கள்தானே எங்கடை வகுப்புக்கு வந்து அடிக்கிறதைப் பற்றிச் சொல்லப் போறியள். ஓம் பிள்ளை என்றேன். எங்கடை ஊர் எண்டு சொல்லாதேங்கோ அன்ரி. ஏன் பிள்ளை. சொன்னால் எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பினம், பிறகு திருப்பி அந்தக் கரடியோடை இருத்தி வைப்பினம். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சரி, சொல்ல மாட்டன் என்றேன். சத்தியமாய், என்றாள். சத்தியமாய் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது, எங்கள் ஊரை விட்டுவிட்டு எதைச் சொல்லுவது, நான் படித்தது அங்கே மட்டும்தானே, லண்டனில் நான் படித்தது பஸ் நம்பர்தான். பொய் சொல்ல வேண்டி வந்தால் என் காது சிவக்கும், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது சாப்பாட்டு வரிசையில் அவள் வருகிறாள், இரண்டு பிள்ளைகளோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு ஒற்றைக் கையை மட்டும் அலட்சியமாக நீட்டுகிறாள், மற்றக் கையில் தண்ணிப் போத்தல், என்னைப் பார்த்து ஒரு பார்வை, ஞாபகம் இருக்குத்தானே என்கிற பார்வை. தலையாட்டுகிறேன். உள்ளே போகிறாள். அந்தச் சிரிப்பைக் குழப்பிவிடாமல் பள்ளிக்கூடம் விடுகிற மூன்றேகால் மணி ஆகிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

வெளியே நல்ல வெயில், இந்த ஊரில் இப்படி ஒரு வெயில் வந்தால் எனக்கு எந்தக் கவலையும் கால்வாசி குறைந்துவிடும். மைதானத்து மர வாங்கில் மிஸ்டர் ஹொப்சன் முன்கூட்டியே வந்து இருக்கிறார், சட்டை, ரை எல்லாம் கட்டி, தலையைத் தண்ணி போட்டு வாரி. அவரும் இன்றைக்குக் கதை சொல்லத்தான் வந்திருக்கிறார், இதே பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் படித்து, பிறகு இதே பள்ளிக்கூடத்துக் காவலாளாக இருந்து ஓய்வு எடுத்தவர், எனக்கு இந்த வேலைக்கு வந்த நாளில் இருந்து பழக்கம். என் இங்கிலிஷில் எங்கே ஓட்டை விழும் என்று அவருக்குத் தெரியும், அந்த இடத்தில் தானே ஒரு சொல்லை எடுத்து வைப்பார். என்ன தவா, முகம் பேய் அறைந்த மாதிரி என்கிறார். என்ன சொல்லுறது என்று தெரியவில்லை என்கிறேன். எனக்கு மட்டும் தெரியுமோ, சுவரில் பார்த்தீரோ படங்களை, என்கிறார். பார்த்தேன், நடை முழுக்க ஒட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் கீறின பிரம்புப் படங்கள், ஒரு பிரம்பும் பிரம்பு மாதிரி இல்லை, ஒருத்தி சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்டுக் கீறியிருக்கிறாள், கிறிஸ்மஸ் மரத்தில் தொங்குகிற மிட்டாய்த் தடி, பாவம், அவளுக்குத் தெரிந்த தடி அது ஒன்றுதான். மிஸ்டர் ஹொப்சன் இருமி இருமிச் சிரிக்கிறார். அதால் அடித்திருந்தால் நான் தினமும் போய் நின்றிருப்பேன் என்கிறார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொல்லுகிறார், எங்களிடம் ஒரு வித்தை இருந்தது, அடிவாங்கப் போகிற அன்றைக்குக் குதிரை வாலில் இருந்து ஒரு மயிர் பிடுங்கி உள்ளங்கையில் குறுக்கே வைத்துக்கொண்டு போனால், பிரம்பு விழும்போது இரண்டாகப் பிளந்து போகும், அப்படி ஒரு நம்பிக்கை. பழைய சாமான் சேர்க்கிற ஆள் ஒருவன் குதிரை வண்டியில் வருவான், அவனுடைய குதிரைக்கு வாலே மிஞ்சவில்லை. பிரம்பு பிளந்ததோ என்று கேட்கிறேன். ஒருநாளும் இல்லை, கைதான் பிளந்தது, குதிரையும் ஒருக்கால் உதைத்தது என்கிறார். உங்கள் பக்கத்தில் என்ன செய்வீர்கள் என்கிறார். நாங்கள் புல்லு முடிவோம் என்கிறேன். அவருக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் வேலியோரம் நீளமாக நிற்கிற புல்லில் இரண்டு தாளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு மாஸ்டர் அடிக்க மாட்டார், முடிச்சை ஆடு தின்றுவிட்டால் பலன் இல்லை, அதனால் அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்து மறைத்துவிட்டுப் போவோம் என்று சொல்லுகிறேன். பலித்ததோ என்கிறார். அடி விழாத நாட்களில் எல்லாம் பலித்தது என்கிறேன். அவர் தொடையில் தட்டிச் சிரிக்கிறார், எனக்கும் சிரிப்பு, பந்து விளையாடுகிற பிள்ளைகள் இரண்டு கிழடுகளுக்கும் என்ன வந்தது என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அடி வாங்கிவிட்டு மேசையின் இரும்புக் காலைப் பிடிப்போம், குளிர்ச்சிக்கு, என்கிறார். நானும் என்கிறேன். இரும்புக் கால்தான் என்கிறேன்.

அவர்தான் எனக்கு ஒரு முறை சொன்னார், இந்த நாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் அடியை நிறுத்தின சட்டம் பாராளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கால்தான் வென்றதாம், அதுவும் எண்பத்தாறில்தானாம், காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடங்களில் அதுக்குப் பிறகும் கனகாலம் அடித்தார்களாம். ஒரு வாக்கு. எனக்கு அதைக் கேட்ட நாளில் இருந்து இது ஒரு கவலை. அன்றைக்கு அந்த ஒரு ஆளுக்குத் தடிமன் பிடித்திருந்தால், பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால், மனுசியோடு சண்டை பிடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தால், என் மகள் இந்தக் குறொய்டனில் கை நீட்டிக்கொண்டு நின்றிருப்பாளோ. நடந்து முடிஞ்ச நல்ல விசயத்துக்கும் பயப்பிடுற ஆளை நான் இப்பத்தான் பாக்கிறன் என்று வீட்டில் இவர் சொன்னார். எண்பத்தாறில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருசம் தாண்டிவிட்டது. இங்கே நான் எட்டாம் வகுப்போடு நின்றேன் என்றால் சண்டையாலா என்று கேட்பார்கள், அடிக்குப் பயந்தா என்று கேட்பார்கள், இரண்டும் இல்லை, அம்மாவுக்குக் கால் ஏலாமல் போனது, உலை வைக்க ஒரு ஆள் வேண்டி இருந்தது, நான் அடுப்படிக்குப் போனேன், அம்மாவின் கால் சுகமாகி அவ எழும்பி நடந்த பிறகு என்னைத் திருப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. அடுப்படியில் ஒருவரும் கை நீட்டச் சொல்லவில்லை. ஆனால் அதையும் அந்தப் பாயில் சொல்ல முடியாது, சொன்னால் எனக்கும் பென்சில் தருவார்கள். மிஸ் ஹென்லி என்னைக் கதை சொல்ல வரக் கேட்டதே, உங்கள் பள்ளிக்கூடமும் எங்களுடைய ஆட்கள் கட்டின மிஷன் பள்ளிக்கூடம்தானே, அப்படியென்றால் இரண்டும் ஒரே சரித்திரம் என்று சொல்லித்தான். நான் வீட்டில் போய் அதைச் சொல்ல, இவர் உடனே, அப்ப வெள்ளைக்காரன் வரமுந்தி எங்கடை வாத்திமார் பூப் போட்டே படிப்பிச்சவை என்று கேட்டார். அதுவும் சரிதான். பிரம்புக்கொடி குளிர்நாட்டில் முளைக்காது, எங்கள் பக்கத்துக் காடுகளில் இருந்துதான் கப்பலில் வந்திருக்க வேண்டும், மிஸ்டர் ஹொப்சனின் கையில் விழுந்த பிரம்பு எனக்கு முன்னமே கடல் கடந்து இங்கே வந்து குடியேறின ஆள். அது பிறந்த ஊரில் இன்னும் வேலையில் இருக்கிறது, வந்த ஊரில் ஓய்வு எடுத்துவிட்டது. இதை எல்லாம் ஒரு நூலில் கோர்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லப் போனால் எங்கள் ஊர், உங்கள் ஊர் என்று வாய் தானாகப் போகும், வாய் அங்கே போன உடனே பாயில் இருக்கிற எல்லாத் தலையும் ஆருஜா பக்கம் திரும்பும். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. கேற்றுக்கு வெளியே புல்லு வெட்டுகிற ஆளின் வாகனம் வந்து நிற்கிறது, பிள்ளைகள் உள்ளே போனதும் மெசினை இறக்குவான்.

மிஸ் தவா, பந்து, என்று கத்துகிறார்கள். பந்து சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் போய்விட்டது, பிள்ளைகள் போகக் கூடாத இடம், நான்தான் போய் எடுக்க வேண்டும். வேலி மூலையில் எப்போதும் கொஞ்சம் புல் நீளமாக நிற்கும், மெசின் திரும்ப முடியாத மூலை என்று அவன் சில நேரம் விட்டுவிடுவான், சில நேரம் கையில் பிடிக்கிற சின்ன மெசினால் வழித்துவிடுவான். பந்து அதற்குள் இருக்கிறது. குனிந்து எடுக்கிறேன், முழங்கால் ஒரு சத்தம் போடுகிறது, பந்தை எடுத்த இடத்தில் புல்லில் ஒரு முடிச்சு. பிறகு இன்னொன்று. வேலியோரமாக வரிசையாக, பழையவை மஞ்சளாகிக் காய்ந்து, நடுவில் உள்ளவை சோர்ந்து, கடைசியில் ஒன்று இன்றைக்குக் காலமை போட்டது, பச்சை, முடிந்த இடத்தில் இன்னும் சாறு காயவில்லை. இரண்டு தாளைச் சேர்த்து இழுத்து இறுக்கின முடிச்சு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கல், இந்த ஊரில் ஆடே இல்லை, என்றாலும் கல். பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். ஆருஜாதான், காலமை மணி அடிக்க முந்தி வந்து, ஒருவரும் பார்க்காத நேரம் இங்கே புகுந்து, முடிந்துவிட்டுத்தான் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறாள். முதலில் வயிறு எரிந்தது, இங்கே ஒருவரும் அடிக்க மாட்டார்கள் என்று எத்தனை பேர் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள், கரடி உட்பட. பிறகு அந்தப் பச்சை முடிச்சைப் பார்க்கப் பார்க்க வேறு மாதிரித் தெரிந்தது. வந்த நாளில் இருந்து முடிகிறாள், வந்த நாளில் இருந்து ஒரு அடியும் விழவில்லை. அவளைப் பொறுத்தவரை இது முழுசாகப் பலிக்கிறது, குணநாயகம் மாஸ்டரின் வகுப்பில் எனக்குப் பலித்ததை விட எவ்வளவோ நன்றாகப் பலிக்கிறது, பிறகு ஏன் நிறுத்துவாள். வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தில் கை தூக்கின அந்த ஒரு ஆளை அவளுக்குத் தெரியாது. இதைப் பொறுப்பான ஆளிடம் சொல்ல வேண்டுமோ. சொல்லுவேன், மிஸ் ஹென்லியிடம் பின்னேரம் தனியாகச் சொல்லுவேன், கரடி வேண்டாம், கொஞ்ச நாள் விடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன், அதைச் சொல்ல என் இங்கிலிஷ் காணும். பாயில் என்ன சொல்லுவது என்பதும் இப்போது தெரிகிறது, ஊரின் பெயரை எடுக்காமல் என் கையில் இருந்து தொடங்குவேன், என் உள்ளங்கையைக் காட்டி, நான் உங்கள் அளவில் இருக்கும்போது என்று. மிஸ்டர் ஹொப்சன் பக்கத்தில் இருந்து தன் கையைக் காட்டுவார். அவர் குதிரை மயிரைச் சொல்லட்டும், இரும்புக் காலை இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். புல்லைச் சொல்ல மாட்டேன். புல் அவளுடையது, சொன்னால் பலன் போய்விடும். மிஸ் தவா, பந்து, என்று திரும்பவும் கத்துகிறார்கள். வருகிறேன் என்கிறேன். பந்தை வேலியோடு சாய்த்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, முழங்காலை ஊன்றி, பச்சை முடிச்சுக்குப் பக்கத்தில் இரண்டு நீளத் தாளைப் பிடித்தேன். விரல் மறக்கவில்லை. ஒரு சுற்று, உள்ளே விட்டு, இழுப்பு. எனக்கு ஒன்று. குதிரை இல்லாத காரணத்தால் மிஸ்டர் ஹொப்சனுக்கும் ஒன்று. கல்லுத் தேடினேன், கிடைக்கவில்லை, அண்டக் கொடுத்தாலும் மெசினுக்குக் கல்லு என்ன கணக்கு. பந்தைக் கொண்டுபோய் பிள்ளைகளிடம் எறிந்துவிட்டு, விளையாட்டுக்கு வைக்கிற செம்மஞ்சள் கூம்புகளில் மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, புல்லு வெட்டுகிற ஆள் தூரத்தில் வரும்போதே காணுகிற மாதிரி, அந்த மூலையைச் சுற்றி வைத்தேன். ஒன்று சரிந்து நின்றது, அதை நிமிர்த்தினேன். பிறகு ஊதலை ஊதினேன்.